லட்சம் கி.மீ. ஓடிய ஆட்டோமேட்டிக் 7 சீட்டர்: வாங்கும் முன் கியர்பாக்ஸை எப்படிப் பார்ப்பது?

"டாக்டர் ஓட்டின வண்டி சார். சிங்கிள் ஓனர், ஓன் போர்டு, ஃபுல்லா கம்பெனி சர்வீஸ். சும்மா வெண்ணெய் மாதிரி போகும்."

ஜி.எஸ்.டி. சாலையோரம் யூஸ்டு கார் யார்டு எதில் நுழைந்தாலும் இந்த வசனம் காதில் விழும். அங்கே நிற்பது 1.2 லட்சம் கி.மீ. ஓடிய இன்னோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக். பார்க்க வந்திருப்பது மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் வேலை செய்யும் ஒரு இளம் தம்பதி என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் குழந்தை, அப்பா, அம்மா. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் வண்டி ஓட்டுவதை விட மனசில்லை. கிளட்ச் இல்லாத வண்டி என்றால் அவரும் ஓட்டலாம். பல வருடச் சேமிப்பு, அதோடு கொஞ்சம் லோன்.

பெயின்ட் பார்த்தாச்சு, டயர் பார்த்தாச்சு, ஏசி போட்டுப் பார்த்தாச்சு. கியர்பாக்ஸ்? "ஆட்டோமேட்டிக்தானே சார், அதுல பார்க்க என்ன இருக்கு?" என்கிறார் விற்பவர்.

நிறைய இருக்கிறது. மேனுவல் வண்டியில் கிளட்ச் தேய்ந்தால் சில ஆயிரங்களில் மாற்றிவிடலாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்றிப் பிரித்தால் பில் லட்சத்தைத் தொடும், சில வண்டிகளில் தாண்டும். அந்தச் செலவு விற்றவர் தலையில் விழுமா, வாங்கியவர் தலையில் விழுமா என்பது, வாங்குவதற்கு முன் செய்யும் அரை நாள் வேலையில் இருக்கிறது.

ஏன் பழைய ஆட்டோமேட்டிக்குக்கு இவ்வளவு டிமாண்ட்?

ஒரு காரணம் எளிது. தாம்பரத்தில் இருந்து செங்கல்பட்டு வரை காலை நேர ஜி.எஸ்.டி. சாலையில் ஒருமுறை கிளட்ச் மிதித்து வந்தவர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் புது கார் சந்தையில் இருக்கிறது. 2005-ல் வந்த முதல் தலைமுறை இன்னோவா இந்தியாவில் மேனுவல் கியரோடுதான் விற்றது. 2016 மே மாதம் கிரிஸ்டா வந்தபோது 2.8 லிட்டர் டீசலுடன் 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கிடைத்தது. 2020-ல் பி.எஸ்.6 விதி வந்ததும் 2.8 லிட்டர் போனது, 2.4 லிட்டர் டீசலிலேயே ஆட்டோமேட்டிக் வந்தது. 2023-ல் கிரிஸ்டா மீண்டும் விற்பனைக்கு வந்தபோது மேனுவல் மட்டும்தான்.

அதாவது, டீசல் ஆட்டோமேட்டிக் இன்னோவா வேண்டும் என்பவருக்குப் பழைய வண்டிதான் வழி. அதனால்தான் லட்சம் கி.மீ. தாண்டிய வண்டிக்கும் விலை இறங்க மறுக்கிறது. விலை இறங்காத பொருளில் குறையை மறைக்க விற்பவருக்கு ஆசை வருவதும் இயல்பு.

'ஆட்டோமேட்டிக்' என்பது ஒரே பொருளா?

இல்லை. விளம்பரத்தில் ஒரே வார்த்தைதான். உள்ளே இருக்கும் இயந்திரம் வண்டிக்கு வண்டி வேறு. ஆயுளும் வேறு, ரிப்பேர் செலவும் வேறு.

டார்க் கன்வெர்ட்டர்: இரண்டு ஃபேனை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழல விட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதில் ஆயில் என்று நினைத்துக்கொண்டால் அதுதான் டார்க் கன்வெர்ட்டர். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே ஆயில்தான் வேலை செய்கிறது. கிரிஸ்டா, எர்டிகா, எக்ஸ்.எல்.6, கியா கேரன்ஸ் டீசல், கியா கார்னிவல் ஆகியவற்றின் ஆட்டோமேட்டிக் இந்த வகை. பழைய தொழில்நுட்பம், ஆயில் சரியாக மாற்றினால் நீண்ட நாள் உழைக்கும். எர்டிகாவில் 2022 ஏப்ரலுக்கு முன் 4 ஸ்பீடு, அதன் பிறகு 6 ஸ்பீடு.

ஏ.எம்.டி.: சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு ஆக்சுவேட்டர் கிளட்ச்சை மிதித்து கியரை மாற்றும். இந்தியாவில் 2014-ல் மாருதி செலெரியோ மூலம் பிரபலமானது. 7 சீட்டர்களில் ரெனோ டிரைபரில் 2020 முதல் உண்டு. கிளட்ச் தேயும், ஆக்சுவேட்டர் மக்கர் பண்ணும். ஆனால் ஊர் மெக்கானிக்குக்குப் புரியும் வகை, செலவும் தாங்கும்.

டி.சி.டி.: ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று. கியர் மாறுவது கண் இமைக்கும் நேரம். கேரன்ஸ் டர்போ பெட்ரோலில் 7 ஸ்பீடு டி.சி.டி. கிடைக்கிறது. டிராபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் இருப்பதால் சூடு ஏறுவது இதன் பலவீனம்.

சி.வி.டி.: கியர் சக்கரங்களே கிடையாது. இரண்டு கப்பிகள், நடுவே உலோக பெல்ட். 2022 இறுதியில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸின் சாதாரண பெட்ரோல் மாடலில் இருப்பது இது. ஆயிலை அலட்சியம் செய்தால் பெல்ட் வழுக்க ஆரம்பிக்கும்.

இ-சி.வி.டி.: ஹைகிராஸ் ஹைப்ரிடில் உள்ளது. பெயரில் சி.வி.டி. இருந்தாலும் பெல்ட் இல்லை, கிளட்ச்சும் இல்லை. மோட்டார்களும் ஒரு கியர் தொகுதியும்தான். இங்கே கியர்பாக்ஸைவிட ஹைப்ரிட் பேட்டரியின் நிலையைத்தான் அதிகம் விசாரிக்க வேண்டும்.

ஆகவே முதல் கேள்வி "எத்தனை கிலோமீட்டர்?" அல்ல. "எந்த வகை ஆட்டோமேட்டிக்?"

மறைமலை நகரில் இருந்து ஆஸ்திரேலிய கோர்ட் வரை

வகை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013 ஜூனில் இந்தியாவில் அறிமுகமானது. தயாரிப்பு மறைமலை நகர் ஆலையில். அதன் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது 'பவர்ஷிப்ட்' என்ற 6 ஸ்பீடு டி.சி.டி. ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களிலும் பல நாடுகளில் இதே பெயரில் கியர்பாக்ஸ் இருந்தது. ஆஸ்திரேலியாவில் விற்ற ஈகோஸ்போர்ட் இங்கிருந்து கப்பலேறிப் போனவைதான்.

அங்கே புகார்கள் குவிந்தன. கியர் மாறும்போது உதறல், இழுவை இல்லாமை, ஓடும்போது திடீரெனச் சக்தி போவது. விவகாரத்தை அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2018 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. குற்றம், புகார் சொன்ன வாடிக்கையாளர்களை நிறுவனம் நடத்திய விதம். கியர்பாக்ஸில் பிரச்சினை இருப்பது தெரிந்திருந்தும், "நீங்க ஓட்டுற விதம்தான் காரணம்" என்று சிலரிடம் சொல்லப்பட்டது.

இதற்கிடையே 2017 நவம்பரில் இந்தியாவில் புதுப்பிக்கப்பட்ட ஈகோஸ்போர்ட் வந்தது. அதில் டி.சி.டி. இல்லை, அந்த இடத்தில் 6 ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகரில் கடைசி ஈகோஸ்போர்ட் வெளிவந்தது 2022 ஜூலையில்.

இப்போது யூஸ்டு மார்க்கெட்டுக்கு வாருங்கள். 2016 ஈகோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக், 2018 ஈகோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒரே பெயர், கிட்டத்தட்ட ஒரே முகம். கியர்பாக்ஸ் மட்டும் வேறு வேறு. தெரியாதவர் "ரெண்டு வருஷம் பழசு, ஐம்பதாயிரம் கம்மி" என்று பழையதை எடுத்துவிடுவார்.

இது ஃபோர்டு மட்டும் சந்தித்த பிரச்சினையும் இல்லை. 2013-ல் சீனாவில் ஃபோக்ஸ்வாகன் தன் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் காரணமாக சுமார் 3.84 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் நிஸான் தன் சி.வி.டி. கார்களின் கியர்பாக்ஸ் வாரன்ட்டியை 10 ஆண்டு, 1.2 லட்சம் மைல் என நீட்டிக்க வேண்டி வந்தது. பெரிய பிராண்ட் என்பதால் கியர்பாக்ஸ் கெடாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாடலும் ஆண்டும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மீட்டர் ஏன் முழுக் கதையைச் சொல்வதில்லை?

இரண்டு வண்டிகள். ஒன்று ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரி போய்வந்தே 1.2 லட்சம் கி.மீ. ஓடியது. இன்னொன்று ஊரப்பாக்கம், பெருங்களத்தூர் டிராபிக்கில் தினமும் ஆபீஸ் போய் 60 ஆயிரம் கி.மீ. ஓடியது. எதை எடுப்பீர்கள்?

ஒரு சின்னக் கணக்கு. முதல் வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 60 கி.மீ. என்றால் அது ஓடிய நேரம் 2,000 மணி. இரண்டாவதின் சராசரி 20 கி.மீ. என்றால் 3,000 மணி. மீட்டரில் பாதி காட்டும் வண்டி, நேரக் கணக்கில் ஒன்றரை மடங்கு உழைத்திருக்கிறது. அதுவும் நின்று, நகர்ந்து, நின்று, நகர்ந்து.

கியர்பாக்ஸின் எதிரி சூடு. நெடுஞ்சாலையில் டாப் கியரில் போகும்போது டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகிவிடும். வழுக்கல் இல்லை, முன்னால் இருந்து காற்றும் அடிக்கும். டிராபிக்கில் ஊரும்போது ஆயில் கலங்கிக்கொண்டே இருக்கும், கியர் மாறிக்கொண்டே இருக்கும், காற்றும் கிடையாது. வெளியே மே மாத வெயில் வேறு. எந்த ஆயிலுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் ஒரு விதி: வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஆயில் கெட்டால் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடு. அப்புறம் அது தானாகவே வேகமெடுக்கும் வட்டம்.

மீட்டரே உண்மையா என்பது தனிக் கேள்வி. டிஜிட்டல் மீட்டரையும் திருப்புகிறார்கள். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தோல், டிரைவர் சீட் ஓரம் ஆகியவை 60 ஆயிரம் கி.மீ. வண்டி போல் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில வண்டிகளில் மீட்டர் தவிர வேறு கன்ட்ரோல் யூனிட்களிலும் கிலோமீட்டர் பதிவாகும். ஸ்கேனர் போட்டால் தெரிந்துவிடும்.

'லைஃப்டைம் ஆயில்'... யாருடைய லைஃப்?

"இதுல கியர் ஆயில் மாத்தவே வேணாம் சார், லைஃப்டைம் ஆயில்." இதுவும் அடிக்கடி கேட்கும் வசனம்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தயாரிப்பதில் உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஜெர்மனியின் இசட்.எஃப்., தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு 80 ஆயிரம் முதல் 1.2 லட்சம் கி.மீ.க்குள், அல்லது 8 ஆண்டுக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. வண்டி கம்பெனியின் புத்தகத்தில் 'லைஃப்டைம்' என்று இருந்தாலும், அந்த லைஃப் முதல் ஓனரோடு முடிந்துவிடலாம். இரண்டாவது ஓனராகப் போகிறவர் அதை நம்பிப் பலனில்லை.

சர்வீஸ் ஹிஸ்டரியில் தேட வேண்டிய வரி இது ஒன்றுதான்: கியர்பாக்ஸ் ஆயில், அதாவது ஏ.டி.எஃப்., எப்போது, எத்தனை கி.மீ.யில் மாற்றப்பட்டது? "கம்பெனி சர்வீஸ்" என்ற சொல் போதாது. பத்து முறை இன்ஜின் ஆயில் மாற்றி, ஒருமுறைகூட கியர்பாக்ஸ் ஆயில் மாற்றாத வண்டிக்கும் ஃபுல் சர்வீஸ் ஹிஸ்டரி என்றுதான் பெயர்.

ஆயிலின் நிறமும் பேசும். புது ஏ.டி.எஃப். பெரும்பாலும் சிவப்பு. ஓட ஓடப் பழுப்பாவது இயல்பு. கறுத்து, கருகிய வாடை வந்தால் கிளட்ச் தட்டுகள் தீய்ந்திருக்கின்றன. லட்சம் கி.மீ. வண்டியில் பளிச் சிவப்பில் ஆயில் இருந்து, பில் மட்டும் இல்லை என்றால் அதையும் சந்தேகியுங்கள். விற்பதற்காக நேற்று மாற்றியிருக்கலாம்.

பல புது கியர்பாக்ஸ்களில் இழுத்துப் பார்க்க டிப்ஸ்டிக் கிடையாது. வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, குறிப்பிட்ட வெப்பநிலையில் பிளக்கைத் திறந்துதான் அளவு பார்க்க முடியும். அதற்கு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போவது நல்லது.

ரோஸ் மில்க் நிறம் தெரிந்தால்?

அங்கேயே திரும்பிவிடுங்கள். ஏ.டி.எஃப். பால் கலந்தது போல, ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கலாம். வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கலாம். இரண்டிலும் கிளட்ச் தட்டின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் ஊறி உரியத் தொடங்கும்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் வாங்குகிறவர்களுக்கு இது கற்பனை பயம் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பக்கம் என்ன ஆனது என்பது ஊருக்கே தெரியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையிலும் புறநகரிலும் தெருவில் நின்ற கார்கள் மூழ்கின. மூழ்கிய வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிகள் முழு இழப்பாகக் கணக்குப் போட்டு ஏலத்தில் விடுவது வழக்கம். ஏலத்தில் போன வண்டி பழுது பார்க்கப்பட்டு, பாலிஷ் போட்டு, மீண்டும் சாலைக்கு வரலாம்.

கண்டுபிடிக்கச் சில வழிகள்: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு தெரியும். கார்ப்பெட்டைத் தூக்கி முகருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட், ஒயர் சாக்கெட்டுகளில் துரு அல்லது பச்சை படிந்திருக்கிறதா பாருங்கள். பழைய இன்சூரன்ஸ் பாலிசி நகல் கேளுங்கள். அதில் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் என்றால் ஓனர் 5 ஆண்டு கிளெய்ம் செய்யவில்லை என்று அர்த்தம். 2024-ல் திடீரெனப் பூஜ்யம் ஆகியிருந்தால், என்ன கிளெய்ம் என்று கேட்க வேண்டும்.

முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று கடலோரமே நின்ற வண்டிகளில் வேறொரு தொல்லை உப்புக் காற்று. கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கக் கொண்டுபோகும் இரும்புக் குழாய்கள் வண்டிக்கு அடியிலும் ரேடியேட்டர் பக்கமும் ஓடும். துருப்பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் மேலே எதுவும் தெரியாது. அளவு குறைந்த பிறகுதான் கியர் வழுக்கும். எனவே அடியில் குனிந்து, டார்ச் அடித்துப் பார்ப்பது கட்டாயம்.

டெஸ்ட் டிரைவ்: யார்டைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது

பல கியர்பாக்ஸ் கோளாறுகள் இரண்டு நேரத்தில்தான் தெரியும்: இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, அல்லது அரை மணி நேரம் ஓடி நன்றாகச் சூடான பிறகு. யார்டைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டினால் இரண்டும் மாட்டாது.

செங்கல்பட்டில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல பாதை கையிலேயே இருக்கிறது. செங்கல்பட்டில் இருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கி.மீ. நகர நெரிசல், திறந்த சாலை, மீண்டும் ஊர் நெரிசல், கடைசியில் ஈ.சி.ஆர். எல்லாம் ஒரே ஓட்டத்தில் வந்துவிடும்.

• காலையில் போங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ 'தயார்' செய்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

• நின்ற இடத்தில்: பிரேக்கை மிதித்தபடி பி-யில் இருந்து ஆர், என், டி என்று மாற்றுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நொடி அளவில் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று நொடி யோசித்துப் பிடித்தாலும், 'டொக்' என்று இடித்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

• மெதுவாக: 20-ல் இருந்து 60 வரை மென்மையாக வேகம் கூட்டுங்கள். ஆர்.பி.எம். முள் மேலே போய் வண்டி மட்டும் போகவில்லை என்றால் கியர் வழுக்குகிறது.

• ஒரே வேகத்தில்: 60 முதல் 80-ல் சீராகப் போகும்போது, கட்டைமேல் ஏறியது போல் லேசாக அதிர்ந்தால் டார்க் கன்வெர்ட்டர் லாக்-அப்பில் கோளாறு இருக்கலாம்.

• ஏற்றத்தில்: மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள். டி.சி.டி., ஏ.எம்.டி. வண்டிகளில் கிளட்ச் வாடையும் உதறலும் இங்கேதான் வெளிப்படும்.

• சூடான பிறகு: மாமல்லபுரத்தில் டீ குடித்துவிட்டு, உடனே மறுபடியும் ஆர், டி சோதனை. காலையில் பிடித்த கியர் இப்போது தயங்கினால் உள்ளே ஆயில் பிரஷர் குறைகிறது. பழைய கியர்பாக்ஸின் தேய்மானம் அதிகம் மாட்டுவது இங்கேதான்.

• திரும்பியதும்: ஸ்கேனர் போடுங்கள். எரர் கோடுகள் எல்லாம் அன்று காலைதான் அழிக்கப்பட்டிருந்தால் அதுவே ஒரு பதில்.

பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒருசேர அழுத்தி 'ஸ்டால் டெஸ்ட்' செய்யச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. செய்ய வேண்டாம், நல்ல கியர்பாக்ஸையும் அது சூடாக்கிக் கெடுக்கும்.

விற்பவர் இந்த ஒன்றரை மணி நேர ஓட்டத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லையா? "டீசல் நான் போடுறேன் அண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் வேறு வண்டி பாருங்கள்.

பேப்பரில் என்ன பார்க்க வேண்டும்?

எம்-பரிவாஹன் ஆப்பில் பதிவு எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் நிலை தெரியும். ஆர்.சி.யில் வண்டி முன்பு டி போர்டாக இருந்து ஓன் போர்டாக மாறியதா என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. லோன் இருந்தால் படிவம் 35. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று.

யார்டில் வாங்குகிறவர்களுக்கு ஒரு கூடுதல் கவசம் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மத்திய விதிகளின்படி, பதிவான பழைய வண்டிகளை வாங்கி விற்கும் டீலர் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். ஓனர் வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததை முறைப்படி தெரிவித்துவிட்டால், விற்கும்வரை அதற்கு டீலரே பொறுப்பு. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

வாங்கின பிறகு கியர்பாக்ஸ் போனால்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பழைய பொருளை விலக்கவில்லை. குடும்பத் தேவைக்கு டீலரிடம் வாங்கியவர் நுகர்வோர்தான். செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு போடலாம். விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

ஆனால் ஆணையம் கேட்கப்போவது ஒன்று: விற்றவர் என்ன சொல்லி விற்றார்? "வெண்ணெய் மாதிரி போகும்" என்று வாயால் சொன்னதை நிரூபிக்க முடியாது. "கியர்பாக்ஸ் ஆயில் இத்தனை கி.மீ.யில் மாற்றப்பட்டது, கோளாறு எதுவும் இல்லை, வெள்ளத்தில் மூழ்கவில்லை, மீட்டர் அளவு சரியானது" என்ற நான்கு வரியை டெலிவரி நோட்டிலோ, குறைந்தது வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்குங்கள். தனிநபரிடம் வாங்கினால் நுகர்வோர் ஆணையத்தின் வழி அவ்வளவு சுலபமில்லை. அப்போது இந்த எழுத்துதான் கையில் இருக்கும் ஒரே பிடி.

சரி, கடைசியில் வாங்கலாமா?

மூன்று விதமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

டார்க் கன்வெர்ட்டர் வண்டி, ஏ.டி.எஃப். மாற்றிய பில் இருக்கிறது, சூடான பிறகும் கியர் தயங்கவில்லை. 1.2 லட்சம் கி.மீ. என்றாலும் பயப்பட வேண்டியதில்லை. வாங்கியதும் ஆயிலை மாற்றிவிட்டு ஓட்டலாம்.

ஓட்டத்தில் குறை தெரியவில்லை, ஆனால் ஆயில் மாற்றியதற்கு ஆதாரமே இல்லை. கியர்பாக்ஸ் வேலை ஒன்று காத்திருக்கிறது என்று கணக்குப் போட்டு, அந்த வண்டிக்கான ரிப்பேர் மதிப்பீட்டை ஒர்க்‌ஷாப்பில் எழுதி வாங்கி, அதை வைத்து விலையைக் குறைத்துப் பேசுங்கள். குறைக்க மறுத்தால், ரிஸ்க் முழுக்க உங்களுடையது.

சூடானதும் தயக்கம், ரோஸ் மில்க் நிறம், கருகிய வாடை, புகார் அதிகம் வந்த மாடல் ஆண்டு. இதில் ஒன்று இருந்தாலும் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அப்பாவின் முழங்காலுக்காக வாங்கும் வண்டி, ராத்திரி பத்து மணிக்கு ஈ.சி.ஆரில் நின்றுவிட்டால் மேனுவல் போலத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. கயிறு கட்டி இழுத்தால் இருக்கும் கியர்பாக்ஸும் போகும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃப்ளாட்பெட் வண்டிக்காகத்தான் காத்திருக்க வேண்டும். குழந்தையும் அம்மாவும் பின்சீட்டில் இருப்பார்கள்.

அந்தத் தம்பதி செய்ய வேண்டியது இப்போது தெளிவு. யார்டுக்காரரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி: "சார், ஏ.டி.எஃப். மாத்தின பில் இருக்கா?" அதற்கு வரும் பதிலில், அட்வான்ஸ் கொடுப்பதா, அடுத்த வண்டியைப் பார்ப்பதா என்பது பெரும்பாலும் முடிவாகிவிடும்.